போன் இணையத்தை ரவுட்டரில் இணைத்தால் வேகம் குறைகிறதா? எந்தக் கட்டத்தில் குறைகிறது என்று பிடிப்பது எப்படி

போனில் வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது. அதே போனை ரவுட்டரில் இணைத்து, வீட்டிலுள்ள கணினிகளுக்கும் டிவிக்கும் பகிர்ந்தால் ஒரு பக்கம் திறக்கவே திணறுகிறது. முதல்முறை டெதரிங் (போனின் இணையத்தை மற்ற கருவிகளுக்குப் பகிர்வது) செய்பவர்கள் இந்த இடத்தில் பதறிப்போய் நாலைந்து செட்டிங்ஸை ஒன்றாக மாற்றிவிடுகிறார்கள். பிறகு வேகம் கூடினாலும் எதனால் கூடியது என்று தெரியாது. குறைந்துபோனால் எதைப் பழைய நிலைக்குத் திருப்புவது என்றும் தெரியாது.

இணையம் உங்கள் கணினிக்கு வந்து சேர நான்கு கட்டங்களைத் தாண்டுகிறது: டவரிலிருந்து போன், போனிலிருந்து ரவுட்டர், ரவுட்டருக்குள் நடக்கும் வேலை, ரவுட்டரிலிருந்து கணினி. இந்த நான்கில் எது மிக மெதுவோ, அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் வேகம். மற்ற மூன்றை எவ்வளவு சீர்செய்தாலும் ஒரு பயனும் இல்லை. ஆகவே அளந்து முடிக்கும்வரை எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள்.

முதலில் அளவுகள்

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கருவிகளிலும் அப்டேட், கிளவுட் பேக்கப், டவுன்லோடு ஆகியவற்றை நிறுத்துங்கள். எல்லா டெஸ்ட்டுக்கும் ஒரே ஸ்பீடு டெஸ்ட் தளம், ஒரே சர்வர். ஒவ்வொரு நிலையிலும் மூன்று முறை ஓட்டி, நடுவில் வரும் எண்ணை எழுதுங்கள். டவுன்லோடு, அப்லோடு, பிங் (ஒரு செய்தி போய்ப் பதில் திரும்ப ஆகும் நேரம்) மூன்றும் வேண்டும்.

1. போன் மட்டும். போனில் வைஃபையை அணைத்துவிட்டு டெஸ்ட் செய்யுங்கள். இதை மறந்தால், போன் ஏதோ ஒரு வைஃபை வழியாக அளந்துவிட்டு உங்களை முழுக்கத் திசைதிருப்பிவிடும். டெதரிங்கின்போது போன் எங்கே இருக்குமோ அதே இடத்தில் வைத்தே அளக்க வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் அளந்த எண் எதற்கும் உதவாது.

2. போனை யூஎஸ்பி கேபிளில் நேராக லேப்டாப்பில் இணைத்து, யூஎஸ்பி டெதரிங்கை இயக்கி, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு அளக்கவும். ரவுட்டருக்குப் பயன்படுத்தும் அதே கேபிளையே பயன்படுத்துங்கள். ரவுட்டரோடு வைஃபை வழியாகத்தான் இணைக்கிறீர்கள் என்றால், இங்கே லேப்டாப்பைப் போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து அளக்கலாம்.

3. போனை ரவுட்டரில் இணைத்து, ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் வழியாக லேப்டாப்பில் அளக்கவும். லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லையென்றால் ரவுட்டரிலிருந்து 2 மீட்டர் தொலைவில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அளந்து, அருகில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

4. அதே ஏற்பாட்டில், நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து வைஃபையில்.

நான்கையும் அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். டவரில் உள்ள நெரிசல் மணிக்கு மணி மாறும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று அளந்தால் ஒப்பிடவே முடியாது. இன்னொன்று, ஸ்பீடு டெஸ்ட் டேட்டாவை நன்றாகவே தின்னும். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 10 விநாடி டவுன்லோடு என்றால் 125 மெகாபைட். இப்படிப் பன்னிரண்டு தடவை ஓட்டினால் டவுன்லோடு பகுதி மட்டுமே 1.5 ஜிபி. தினசரி வரம்புள்ள பிளான் என்றால் முதலில் மீதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலகிலும் குழப்பம் வரும். ஸ்பீடு டெஸ்ட் காட்டுவது எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட். டவுன்லோடு மேனேஜர் காட்டுவது பெரும்பாலும் நொடிக்கு எத்தனை மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 40 எம்பிபிஎஸ் இணைப்பில் கோப்பு 5 மெகாபைட் வேகத்தில் இறங்கினால் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

இப்போது தாளில் நான்கு எண்கள் இருக்கும். 85, 82, 31, 29 என்று வந்தால், போனும் கேபிளும் குற்றமற்றவை. ரவுட்டருக்குள் போனதும் வேகம் விழுகிறது. 85, 33, 32, 30 என்றால் கேபிள் அல்லது ஹாட்ஸ்பாட் இணைப்பு, இல்லையென்றால் டெதரிங்குக்கு நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. 85, 82, 80, 18 என்றால் வீட்டு வைஃபை மட்டுமே பிரச்சினை. டெதரிங்குக்கு இதில் பங்கே இல்லை. முதல் எண்ணே 12 என்றால் ரவுட்டரை நோண்டி எந்தப் பயனும் இல்லை.

சில எண்கள் காரணத்தைத் தாங்களே சொல்லிவிடும்

எத்தனை முறை ஓட்டினாலும் 93, 94, 95 என்று ஒரே இடத்தில் நிற்கிறதா? எங்கோ ஓர் ஈதர்நெட் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது. ரவுட்டரின் போர்ட்டே 100 வகையாக இருக்கலாம், அல்லது கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருக்கலாம். ஜிகாபிட்டுக்கு கேபிளின் நான்கு ஜோடிகளும் வேண்டும். இரண்டு ஜோடி மட்டும் நன்றாக இருந்தால் கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

250 முதல் 300 வரை வந்து அதற்கு மேல் ஏறவே இல்லையென்றால் அது யூஎஸ்பி 2.0 இணைப்பு. ஏட்டில் 480 எம்பிபிஎஸ், கையில் கிடைப்பது இவ்வளவுதான். 4ஜி இணைப்புக்கு இது தாராளம். நல்ல 5ஜி இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

40-ஐ ஒட்டித் தயங்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட்டைச் சந்தேகப்படுங்கள். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒற்றை ஆன்டெனாவில் வைஃபை 4 காட்டும் இணைப்பு வேகம் 72. அதில் பாதியோ கொஞ்சம் கூடவோதான் உண்மையில் டேட்டாவாக வந்து சேரும். 1 அல்லது 2 எம்பிபிஎஸ் என்றால் தெரியாமல் புளூடூத் டெதரிங்கை இயக்கிவிட்டீர்களா என்று பாருங்கள்.

போனில் 60 வரும்போது டெதரிங்கில் மட்டும் எப்போதும் துல்லியமாக 1, 5 போன்ற ஒரு முழு எண்ணில் கோடு போட்டதுபோல் நின்றால், அது கருவிக் கோளாறு இல்லை. பிளானில் உள்ள வரம்பு. சில நிறுவனங்கள் டெதரிங்குக்குத் தனி டேட்டா அளவு வைத்து, அது முடிந்ததும் வேகத்தைக் குறைக்கும். போனுக்குள் பயன்படும் டேட்டாவும் பகிரப்படும் டேட்டாவும் அவர்களுக்கு வேறுவேறாகத் தெரியும். இணையத்தில் டேட்டா பாக்கெட் எனும் சிறு துண்டுகளாகப் போகிறது; ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்றோர் எண் உண்டு. வழியில் ஒரு கருவியைத் தாண்டும்போதெல்லாம் அது ஒன்று குறையும். போனில் பிறந்த பாக்கெட் 64 என்று கிளம்பினால், பின்னால் இணைந்த கருவியிலிருந்து வருவது பெரும்பாலும் வேறோர் எண்ணோடு போகும். பிளானின் விதிமுறையில் ஹாட்ஸ்பாட் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வரம்பு இருந்தால் பிளானை மாற்றுவதே நேர்வழி. அதைத் தாண்ட முயன்றால் இணைப்பையே துண்டிக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கலாம்.

டவருக்கும் போனுக்கும் நடுவில்

முதல் எண்ணே குறைவு என்றால் இங்கே பாருங்கள். போனில் தெரியும் சிக்னல் கட்டங்களை நம்பாதீர்கள். எத்தனை டிபிஎம்முக்கு (சிக்னல் பலத்தின் அலகு) எத்தனை கட்டம் என்பது போனுக்குப் போன் வேறுபடும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தில் டிபிஎம் அளவு இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஃபீல்டு டெஸ்ட் திரை வரும்.

பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம். மைனஸில் இருப்பதால் பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகிலோ அவ்வளவு நல்லது: -80 அருமை, -90 நன்று, -100 பரவாயில்லை, -110-க்குக் கீழே போனால் தொல்லை. எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது: 20-க்கு மேல் அருமை, 13-க்கு மேல் நன்று, பூஜ்யத்துக்குக் கீழே மோசம். வேகத்தைத் தீர்மானிப்பதில் இரண்டாவது எண்ணுக்கே கை ஓங்கும். -95 பலத்தில் 18 தெளிவு இருக்கும் மூலை, -80 பலத்தில் 3 தெளிவு இருக்கும் மூலையைவிட வேகமாக இருப்பது சாதாரணம். இரண்டு டவர்களுக்கு நடுவில் உள்ள வீடுகளில் இதைப் பார்க்கலாம். கட்டம் நிறைய இருக்கும், வேகம் வராது.

வீட்டில் ஐந்தாறு இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: ஒவ்வொரு திசை ஜன்னல், அலமாரி மேல்தட்டு, மாடிப்படி. ஒவ்வோர் இடத்திலும் போனை வைத்துவிட்டுக் கையை எடுங்கள். கை ஆன்டெனாவை மறைக்கும். அரை நிமிடம் பொறுத்து இரண்டு எண்களையும் எழுதுங்கள். 10 டெசிபல் கூடினால் வந்து சேரும் திறன் பத்து மடங்கு. ஒரு கான்கிரீட் சுவரைத் தவிர்ப்பதால் மட்டுமே அவ்வளவு கிடைக்கக்கூடும். இரும்புக் கதவு, உலோகப் பூச்சுள்ள கண்ணாடி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் பின்னால் போனை வைக்காதீர்கள். ரவுட்டர் இருக்கும் இடத்துக்குப் போனைக் கொண்டுபோவதைவிட, போனுக்கு நல்ல இடம் பார்த்து அங்கே ரவுட்டரைக் கொண்டுபோவது மேல். ரவுட்டரை வீட்டு நடுவில்தான் வைக்க வேண்டும் என்றால், போன் பக்கம் கேபிளை நீட்டலாம். யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்குள் இருக்கட்டும்.

5ஜி போன் வைத்திருப்பவர்கள் நெட்வொர்க் வகையை 4ஜி மட்டும் என்று மாற்றி ஒருமுறை அளந்து பாருங்கள். 5ஜி சிக்னல் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தால் போன் இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் பிங் எகிறும். நிலையான 4ஜி இதைவிட நன்றாக ஓடும் வீடுகள் ஏராளம்.

அழைப்பு வரும்போதெல்லாம் இணையம் நின்றுவிடுகிறது என்றால் வோல்ட்ஈ (VoLTE, 4ஜி வழியாகவே பேசும் வசதி) அணைந்திருக்கும். அது இல்லாமல் போன் அழைப்புக்காகப் பழைய நெட்வொர்க்குக்கு இறங்குகிறது. இரண்டு சிம் போட்ட போன்களில், மற்ற சிம்மில் பேசும்போது டேட்டா சிம் நின்றுபோவதும் உண்டு. டெதரிங்குக்கென்று வைக்கும் போனில் ஒரே சிம் போடுங்கள்.

காலையில் 50, இரவு 8 மணிக்கு 6, சிக்னல் எண்கள் இரண்டு நேரத்திலும் ஒன்றே என்றால் டவரில் நெரிசல். அதை வீட்டிலிருந்து சரிசெய்ய முடியாது. வேறு நிறுவனத்தின் சிம்மை ஒருநாள் வாங்கிப்போட்டு அதே நேரத்தில் அளந்து பார்ப்பது மட்டுமே அர்த்தமுள்ள சோதனை.

சூடு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. முதல் பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு வேகம் படிப்படியாக விழுந்தால், போனின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். மோடம் வேலை செய்கிறது, கூடவே பேட்டரி சார்ஜ் ஆகிறது, ஹாட்ஸ்பாட் என்றால் வைஃபையும் ஓடுகிறது. மூன்றும் சேர்ந்தால் போன் கொதிக்கும். வெப்பம் எல்லை தாண்டியதும் போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. 5ஜியை விட்டு 4ஜிக்கு இறங்குகிறது. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ். கோடை மதியத்தில் மூடிய அறையே அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

உறையைக் கழற்றுங்கள். இரண்டு பக்கமும் காற்று படும்படி ஒரு ஸ்டாண்டில் நிமிர்த்தி வையுங்கள். ரவுட்டரின் மேல் போனைப் படுக்க வைப்பதே எல்லாரும் செய்யும் தவறு: ரவுட்டரின் சூடு போனுக்கு ஏறுகிறது, இரண்டின் ரேடியோவும் ஒன்றையொன்று அமுக்குகின்றன. குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். சிக்னலுக்காக ஜன்னலில் வைத்தால் நேர் வெயில் படாத ஜன்னலாகப் பாருங்கள். சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி போனில் இருந்தால் இயக்கிவிடுங்கள். சூடும் குறையும், நாள் முழுக்கச் செருகியே இருக்கும் பேட்டரி உப்புவதும் குறையும். பேட்டரி ஏற்கெனவே உப்பியிருந்தால் அந்தப் போனை இந்த வேலைக்கு வைக்கவே கூடாது.

போனிலிருந்து ரவுட்டருக்கு: மூன்று வழிகள்

யூஎஸ்பி வழி. ரவுட்டரில் யூஎஸ்பி போர்ட் இருந்து, அதன் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) போன் டெதரிங்கை ஏற்றால் பொதுவாக இதுதான் நிலையான வழி. பிரிண்டருக்கும் பென்டிரைவுக்கும் மட்டும் போர்ட் கொடுத்திருக்கும் ரவுட்டர்கள் உண்டு; வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற மாற்று ஃபர்ம்வேர் போட்ட ரவுட்டரில் ஆண்ட்ராய்டுக்கு ஆர்என்டிஐஎஸ் டிரைவர் வேண்டும். புதிய போன்கள் சிலவற்றுக்கு சிடிசி என்சிஎம் டிரைவர். ஐபோனுக்கு அதற்கென்று உள்ள தனி டிரைவரோடு யூஎஸ்பிமக்ஸ்டி (usbmuxd) சேவையும் ஓட வேண்டும். போன் திரையில் இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்டதும் சம்மதம் கொடுக்க வேண்டும்.

கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது. அதில் டெதரிங் பொத்தான் மங்கியே கிடக்கும். தேய்ந்த கேபிள் இதைவிடத் தொல்லை: இணைப்பு கிடைக்கும், ஆனால் பிழைகள் வந்து வந்து வேகம் சரியும், நடுநடுவே அறுந்து மீண்டும் சேரும். செருகும் இடத்தை லேசாக அசைத்தால் இணைப்பு போகிறதா என்று பாருங்கள். போனின் போர்ட்டுக்குள் பஞ்சுத்தூசி சேர்ந்திருந்தாலும் இதேதான் நடக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள்.

மின்சாரமும் முக்கியம். யூஎஸ்பி 2.0 போர்ட்டின் வரையறை 500 மில்லியாம்ப், 3.0-இல் 900. டெதரிங் ஓடும் போன் அதற்கு மேல் கேட்கும். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும்: செருகியிருந்தும் பேட்டரி மெல்ல இறங்கும், அல்லது போர்ட் அடிக்கடி அணைந்து எழும். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பை நடுவில் வைத்தால் தீர்ந்துவிடும்.

யூஎஸ்பி 3.0 போர்ட்டுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. அது வேலை செய்யும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மேலேயே விழுகிறது. இன்டெல் 2012-லேயே இதை விளக்கி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. போனைச் செருகியதும் வீட்டு வைஃபை மட்டும் தடுமாறினால், ரவுட்டரில் அந்தப் போர்ட்டை 2.0-ஆக ஓட்டும் விருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல உறைக்கம்பியுள்ள கேபிளும் உதவும். கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் இன்னும் சுலபம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு: 14 வரையிலான மாடல்களும், டைப்-சி வந்த 15-இன் சாதாரண மாடலும் யூஎஸ்பி 2.0 வேகம்தான். 15 ப்ரோவில் யூஎஸ்பி 3 உண்டு. ஆனால் பெட்டியோடு வரும் கேபிள் 2.0 வகை.

வைஃபை வழி. ரவுட்டரை ரிப்பீட்டர் அல்லது விஸ்ப் (WISP) மோடில், அதாவது வேறொரு வைஃபையிலிருந்து இணையம் வாங்கும் முறையில் போட்டு, போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்ப்பது. கேபிள் தொல்லை இல்லை. ஆனால் வேகம் பாதியாகக் குறைவது இங்கேதான் அதிகம். ஒரே ரேடியோ போனிலிருந்து வாங்கி, அதே சேனலில் கணினிக்குக் கொடுத்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு தடவை போகிறது. இரண்டு பேண்ட் உள்ள ரவுட்டரில் போனோடு 5 கிகாஹெர்ட்ஸிலும், வீட்டுக் கருவிகளோடு 2.4-இலும் பேச வையுங்கள். வேகம் வேண்டிய கணினியை லேன் கேபிளில் இணைத்துவிடுங்கள். போனோடு 5 கிகாஹெர்ட்ஸில் பேச, போனின் ஹாட்ஸ்பாட்டும் அதே பேண்டில் ஓட வேண்டும். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் பேண்ட் தேர்வு இருக்கும். சிலவற்றில் பழைய கருவிகளுக்கு ஏற்ற முறை என்ற பெயரில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அணைக்க வேண்டும். ஐபோன் 12 முதல் உள்ள மாடல்களில் இணக்கத்தை அதிகப்படுத்தும் பொத்தான் இயங்கினால் ஹாட்ஸ்பாட் 2.4-க்கு இறங்கிவிடும், அதையும் அணையுங்கள்.

இரண்டு பக்கமும் 2.4 மட்டுமே உள்ள பழைய ரவுட்டர் என்றால் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றையே பயன்படுத்துங்கள். நடுவில் உள்ளவை பக்கத்துச் சேனலை மிதிக்கும்.

ஈதர்நெட் வழி. பலருக்கு இது தெரியாது. தெரிந்தால் நிறைய தலைவலி மிச்சம். ஆண்ட்ராய்டு 11 முதல் ஈதர்நெட் டெதரிங் உண்டு. டைப்-சி ஈதர்நெட் அடாப்டரைப் போனில் செருகி, அதிலிருந்து ஒரு லேன் கேபிளை ரவுட்டரின் வான் (WAN, வெளி இணையம் உள்ளே வரும்) போர்ட்டுக்குக் கொடுங்கள். ரவுட்டரில் வான் வகையைத் தானியங்கி ஐபி என்று வையுங்கள். போனில் டெதரிங் மெனுவுக்குள் ஈதர்நெட் டெதரிங்கை இயக்குங்கள். அடாப்டர் செருகியிருந்தால்தான் அந்தப் பொத்தான் உயிர்பெறும். ரவுட்டருக்கு யூஎஸ்பி போர்ட்டும் வேண்டாம், டிரைவரும் வேண்டாம். ஜிகாபிட் அடாப்டராகவே வாங்குங்கள். ஒரே குறை, போனின் ஒற்றை போர்ட்டை அடாப்டர் பிடித்துக்கொள்ளும். சார்ஜையும் உள்ளே விடும் பவர் டெலிவரி (PD) ஹப் வகையில் வாங்கினால் அதுவும் தீரும்.

ரவுட்டருக்குள்

லேப்டாப்பில் நேராக 82, ரவுட்டர் வழியாக 31 என்றால் முதலில் பிராசஸரைப் பாருங்கள். டவுன்லோடு ஓடும்போது ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் சிபியூ பயன்பாடு 100-ஐ ஒட்டி நிற்கிறதா? சாதாரண ஃபைபர் இணைப்பில் பாக்கெட்டுகளை மாற்றிவிடும் வேலையை ரவுட்டரின் தனிச் சிப் பார்த்துக்கொள்கிறது. யூஎஸ்பி வழியாக வருபவற்றுக்குப் பெரும்பாலும் அந்தச் சலுகை இல்லை. எல்லாம் சிபியூவின் தலையில். எனவே பெட்டியில் ஆயிரக்கணக்கில் வேகம் எழுதியிருக்கும் ரவுட்டரும் டெதரிங்கில் மூச்சுத்திணறலாம். பெற்றோர் கட்டுப்பாடு, போக்குவரத்துக் கணக்கீடு, ரவுட்டருக்குள் ஓடும் விபிஎன் ஆகியவற்றை அணைத்து அளந்து பாருங்கள். அப்படியும் தேறாவிட்டால் ஈதர்நெட் வழிக்கு மாறுங்கள்.

சில தளங்கள் பறக்கின்றன, சில தளங்கள் பாதியில் தொங்குகின்றன என்றால் காரணம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. ஈதர்நெட்டில் அது 1500 பைட். மொபைல் நெட்வொர்க்கில் குறைவாக இருக்கலாம். ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) மட்டுமே ஓடும் நெட்வொர்க்கில் போன் பழைய ஐபிவி4 பாக்கெட்டுகளை மொழிபெயர்த்து அனுப்பும்போது தலைப்பகுதி 20 பைட் பெருக்கிறது. பெரிய பாக்கெட் உள்ளே நுழையாது. கண்டுபிடிக்க, கணினியில் பிங் கட்டளையைத் துண்டாக்காதே என்ற குறியோடு 1472 பைட்டுக்கு ஓட்டுங்கள். விண்டோஸில் இதற்கு மைனஸ் எஃப், மைனஸ் எல் என்ற இரண்டு குறிகள். பதில் வராவிட்டால் பத்துப் பத்தாகக் குறைத்து வாருங்கள். பதில் வரும் மிகப் பெரிய எண்ணோடு 28 கூட்டினால் அதுதான் உங்கள் எம்டியூ. 1432-க்குப் பதில் வந்தால் 1460. அதை ரவுட்டரின் வான் பக்கத்தில் போடுங்கள். பாக்கெட்டுகளை அந்த அளவுக்குள் அடக்கும் எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற விருப்பம் இருந்தால் அதையும் இயக்குங்கள்.

ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று நொடி யோசித்துவிட்டு, பிறகு சட்டென்று திறந்தால் காரணம் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) அல்லது ஐபிவி6. ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 போட்டுப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் ரவுட்டரில் ஐபிவி6-ஐ அணைத்துப் பாருங்கள். போன் பொதுவாக ஒற்றை ஐபிவி6 வலையை மட்டுமே பகிரும். ரவுட்டர் தனக்குக் கீழே இன்னொன்றை உருவாக்க வழியிருக்காது. அணைத்ததும் சரியானால், ரவுட்டரில் ஐபிவி6 ரிலே மோட் இருந்தால் அதற்கு மாற்றலாம். இல்லாவிட்டால் அணைத்தே வையுங்கள்.

வேகம் குறைவு இல்லை, இணையமே இல்லை என்றால் ஐபி மோதலைப் பாருங்கள். பழைய ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் 192.168.43-இல் தொடங்கும் முகவரி கொடுக்கும், ஐபோன் 172.20.10-இல். ரவுட்டரின் உள்வலையும் போன் கொடுக்கும் வலையும் ஒன்றாக இருந்தால் பாக்கெட்டுக்குத் திசை தெரியாது. ரவுட்டரின் உள்வலையை 192.168.77.1 போல வேறொன்றாக மாற்றிவிடுங்கள்.

நிறுவனம், போன், ரவுட்டர் என்று மூன்று இடத்தில் முகவரி மாற்றம் நடக்கிறதே, அதனால் வேகம் போகிறதா என்று கேட்பார்கள். வேகத்துக்கு அதனால் பெரிய இழப்பு இல்லை. வெளியிலிருந்து உள்ளே வர வேண்டிய இணைப்புகள்தான் அடிபடும்: சில விளையாட்டுகள், வீட்டுக் கேமராவை நேராகப் பார்ப்பது போன்றவை.

நான்காவது எண் மட்டும் குறைவு என்றால் அது வழக்கமான வைஃபை விவகாரம்: ரவுட்டரை உயரத்தில் வையுங்கள், அருகில் இருக்கும் கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸில் சேருங்கள்.

எண் நன்றாக இருந்தும் மந்தமாகத் தோன்றினால்

ஸ்பீடு டெஸ்டில் 40 வருகிறது, ஆனால் ஒருவர் போட்டோ அப்லோடு செய்தால் மற்றவரின் வீடியோ அழைப்பு உறைந்துவிடுகிறது. இது வரிசை நெரிசல். அப்லோடு வழி குறுகல் என்பதால் பாக்கெட்டுகள் போனில் நீண்ட வரிசையில் காத்திருக்கின்றன. உறுதிப்படுத்த, ஒரு பெரிய கோப்பை அப்லோடு செய்துகொண்டே பிங் ஓட்டுங்கள். சும்மா இருக்கும்போது 45 மில்லிசெகண்ட் இருந்தது 600, 900 என்று ஏறினால் இதுதான்.

மருந்து ரவுட்டரில் உள்ள எஸ்க்யூஎம் (SQM, இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி). கேக் அல்லது எஃப்க்யூ கோடெல் முறையைத் தேர்ந்தெடுத்து, டவுன்லோடுக்கும் அப்லோடுக்கும் ஒரு மேல்வரம்பு கொடுக்க வேண்டும். உச்ச வேகத்தைக் கொடுத்தால் பலன் இல்லை. மொபைல் இணைப்பு ஏறி இறங்குவதால், நீங்கள் அடிக்கடி பார்க்கும் குறைந்த அளவில் 85 சதவீதம் கொடுங்கள். டவுன்லோடு 28-க்கும் 60-க்கும், அப்லோடு 6-க்கும் 12-க்கும் நடுவே ஆடுகிறது என்றால் 24, 5 என்று போடுங்கள். ஸ்பீடு டெஸ்டில் எண் இறங்கும்; வீடியோ அழைப்பு உறையாது. வீட்டில் நாலு பேர் பகிரும்போது இந்தப் பண்டமாற்று நிச்சயம் லாபம். எஸ்க்யூஎம் ஓடும்போது ஹார்டுவேர் ஆஃப்லோடு (வேலையைத் தனிச் சிப்பிடம் ஒப்படைப்பது) அணைந்திருக்க வேண்டும், சிபியூவுக்கும் கொஞ்சம் வேலை கூடும்.

எல்லாம் சரியான பிறகு ஒரு வேலை பாக்கி. மின்சாரம் போய் வந்தால் ஆண்ட்ராய்டு போன் யூஎஸ்பி டெதரிங்கைத் தானாக இயக்காது. டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, இயல்பான யூஎஸ்பி அமைப்பு என்ற இடத்தில் யூஎஸ்பி டெதரிங் என்று தேர்ந்தெடுங்கள். ஹாட்ஸ்பாட் வழி என்றால், கருவி ஏதும் இணையாதபோது தானாக அணையும் விருப்பத்தை நிறுத்துங்கள். டேட்டா சேவரும் பேட்டரி சேவரும் அணைந்திருக்கட்டும். பிறகு ரவுட்டரின் பிளக்கை ஒருமுறை பிடுங்கிச் செருகி, போனைத் தொடாமலே இணையம் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.